பொதுத் தெரிவுகளும் அடிப்படை இனக்குழுவும்

ஒரு காரியத்தைப் பலர் பகிர்ந்து செய்யுமிடத்து, எல்லார்க்கும் பொதுவானவற்றை ஓரிடத்தில் வைத்து, அவரவர்க்குச் சிறப்பானவற்றை அவரவரிடம் விடுதல் அறிவுடையோர் கைக்கொண்ட முறையாகும். நம் இலக்கண ஆசிரியர் நூல்முகத்தில் வைக்கும் பாயிரத்தைப் பொதுப்பாயிரம் என்றும் சிறப்புப்பாயிரம் என்றும் இரண்டாகப் பகுத்தனர். நூலின் இயல்பு, ஆசிரியன் இயல்பு, மாணாக்கன் இயல்பு முதலாக எல்லா நூல்களுக்கும் ஒத்தவற்றைப் பொதுப்பாயிரம் கூறும். இந்நூலை ஆக்கியோன் யாவன், இது வந்த வழி யாது, இது வழங்கும் எல்லை யாது என ஒரு நூலுக்கே உரியவற்றைச் சிறப்புப்பாயிரம் கூறும். இப்பகுப்பை நன்கறிந்த தமிழ் மாணாக்கர்க்குக் கணிப்பொறி நிரலாக்கத்தில் எழும் ஒரு வினா புதிதாகத் தோன்றாது. அவ்வினா இது: பல நிரற்கூறுகள் ஒரு குடும்பமாய் நின்று பணிசெய்யுமிடத்து, அவை ஏற்கும் தெரிவுகளை ஒவ்வொரு கூறும் தனித்தனியே கையாள வேண்டுமா, அன்றி அடிப்படை இனக்குழு ஒன்று எல்லாவற்றின் சார்பாகவும் கையாள வேண்டுமா?

அடிப்படை இனக்குழுவே கையாள வேண்டும் என்பது என் கருத்து. ஆயினும் அவ்வடிப்படை சிறிதாய் இருத்தல் வேண்டும். பின்வருவோர் தமக்குரியதைச் சேர்த்துக்கொள்ள அது ஒரு வாயிலை வெளிப்படையாய்த் திறந்து வைத்தல் வேண்டும். பின்வருவோரும் அவ்வாயில் வழியே அன்றிச் சுவரேறிக் குதித்தல் ஆகாது. இவை இல்லாவிடின் நன்மை கருதிச் செய்தது தீமையாய் முடியும். இதனைச் சான்றுகளுடன் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் சொற்களைத் தெளிவுசெய்து கொள்வோம். ‘ஆப்ஷன்’ என்று வழங்குவதை ஈண்டுத் தெரிவு என்கிறேன். ஒரு நிரலை இயக்குவோர், அஃது இன்ன கோப்பைப் படிக்க, இன்ன இடத்தில் எழுதுக, இவ்வளவு விரிவாய்ச் செய்தி கூறுக என்று ஏவும் ஏவல்களே தெரிவுகள். ஏவல் ஒன்றும் கூறாவிடத்து நிரல் தானே கொள்ளும் மதிப்பும் தெரிவின் பாற்பட்டதே. ‘கிளாஸ்’ என்பதை மேனிலைப் பள்ளிப் பாடநூல்கள் இனக்குழு என்று வழங்கும். ஓர் இனக்குழுவின் இயல்புகளை மற்றொன்று பெறுதலை மரபுரிமம் என்று வழங்கும். பெறப்படுவது அடிப்படை இனக்குழு. நார்வே நாட்டு ஆஸ்லோ நகரில் ஓலே யோஹான் டால், கிறிஸ்டன் நிகார்ட் என்னும் இருவர் ஆக்கிய சிமுலா 67 என்னும் நிரல்மொழியிலேயே இம்மரபுரிமம் முதன்முதல் இடம்பெற்றது. அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் அதனை எங்கே கொள்வது, எங்கே தள்ளுவது என்ற வழக்கு ஓயவில்லை.

தெரிவுகளைத் தனித்தனியே கையாண்டால் விளைவது யாது? கேட்போர் இது சிறு பொருளன்றோ என எண்ணக்கூடும். எங்கள் தமிழ்த்துறை மாணாக்கர் சிலர் கூடிப் பழைய நூலொன்றுக்குச் சொல்லடைவு ஆக்கும் பொருட்டு நான்கு சிறு நிரல்கள் எழுதினர். ஒன்று பாடத்தைச் சொற்களாகப் பிரிக்கும்; ஒன்று சொற்களை எண்ணும்; ஒன்று அகரவரிசையில் நிறுத்தும்; ஒன்று ஒவ்வொரு சொல்லும் வந்த இடத்தைக் காட்டும். நான்கையும் நால்வர் எழுதினர், நால்வரும் வல்லவரே. ஆயினும் விளைவு எழுதும் கோப்பின் பெயரை ஒரு நிரல் ‘அவுட்’ என்ற தெரிவால் கேட்டது. மற்றொன்று ‘ஓ’ என்ற ஓரெழுத்தால் கேட்டது. மூன்றாவது கேட்கவே இல்லை. இது வெறுந் தொல்லையே, பழகினால் தீரும். பெருங்கேடு வேறோரிடத்தில் இருந்தது. சந்தி பிரித்து எண்ணுவதா, பிரியாது எண்ணுவதா என்பதும் ஒரு தெரிவு. ஒன்றும் கூறாவிடத்து எண்ணும் நிரல் சந்தியைப் பிரித்துக்கொண்டது. இடங்காட்டும் நிரல் பிரியாது விட்டது. ஆகவே ‘பொற்குடம்’ என்ற சொல் வந்தவிடத்து, எண்ணிக்கைப் பட்டியலில் ‘பொன்’ ஏறிற்று, இடப்பட்டியலில் ஏறவில்லை. இரண்டு பட்டியலும் அழகாய் அச்சாயின. நிரல் எதுவும் பிழை என்று கூவவில்லை. இரண்டையும் அருகருகே வைத்து ஒருவர் விரல்விட்டு எண்ணிய பின்னரே முரண் வெளிப்பட்டது.

இங்கே குற்றம் எவர்மேலும் இல்லை. ஒரே வினாவுக்கு நான்கு இடங்களில் விடை எழுதப்பட்டமையே குற்றம். நான்கு இடங்களில் எழுதிய விடை என்றேனும் ஒருநாள் வேறுபட்டே தீரும். இன்று ஒத்திருப்பினும், நாளை ஒருவர் ஓரிடத்தில் திருத்தி ஏனைய மூன்றையும் மறப்பர். ஆராய்ச்சி எண்ணிக்கையை நம்பி முடிபு கூறுவோர்க்கு இதனினும் பெரிய இடர் யாது? பிழை என்று அறிவித்து நிற்கும் நிரலைவிட, வேறுபட்ட இரு விடைகளைச் சிரித்த முகத்துடன் தரும் நிரலே அஞ்சத்தக்கது.

நிற்க. பொதுத் தெரிவுகளை அடிப்படை இனக்குழுவில் வைத்தமைக்கு நல்ல எடுத்துக்காட்டாக ஜாங்கோ என்னும் கட்டமைப்பைக் கூறலாம். வலைத்தளங்கள் அமைத்தற்கென்று பைத்தான் மொழியில் எழுதப்பட்ட இது, அமெரிக்க நாட்டுக் கான்சஸ் மாநிலத்துச் செய்தித்தாள் அலுவலகம் ஒன்றில் உருவாகி, 2005ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் பொதுமக்கட்கு அளிக்கப்பட்டது. வலைத்தளத்தை நடத்துவோர் கட்டளை வரியிலிருந்து செய்யவேண்டிய பணிகள் பல. தரவுத்தளத்தைப் புதுப்பித்தல் ஒன்று. சோதனை வழங்கியை இயக்குதல் ஒன்று. சோதனைகளை நடத்துதல் ஒன்று. இவை ஒவ்வொன்றும் ஒரு கட்டளை. ஒவ்வொரு கட்டளையும் ஓர் இனக்குழு. அவை யாவும் ‘பேஸ்கமாண்ட்’ என்னும் அடிப்படை இனக்குழுவின் வழிவந்தவை.

இவ்வடிப்படை செய்யும் பணியை நோக்குக. எந்தக் கட்டளைக்கும் பொருந்தும் தெரிவுகளை இது தானே அறிவிக்கின்றது. திரையில் எவ்வளவு செய்தி கூறவேண்டும் என்பதைக் குறிக்கும் ‘வெர்பாசிட்டி’ அவற்றுள் ஒன்று. 0 முதல் 3 வரை மதிப்புக் கொள்ளும். ஒன்றும் கூறாவிடத்து 1 என்று கொள்ளப்படும். எந்த அமைப்புக் கோப்பைப் படிப்பது என்பதைக் குறிக்கும் ‘செட்டிங்ஸ்’ மற்றொன்று. வண்ணம் வேண்டா என்பதைக் குறிக்கும் ‘நோ கலர்’ பிறிதொன்று. இவற்றைப் புதுக் கட்டளை எழுதுவோர் அறிவிக்க வேண்டுவதில்லை. அவர் செய்யவேண்டுவன இரண்டே. ‘ஹேண்டில்’ என்ற செயற்கூறில் தம் கட்டளையின் பணியை எழுதுதல் ஒன்று. இதனை எழுதாது விட்டால், வழிவந்த இனக்குழுவே இதனைத் தரவேண்டும் என்று கூறி அடிப்படை பிழை எழுப்பும். தமக்கே உரிய தெரிவுகள் உளவாயின், ‘ஆட் ஆர்கியுமென்ட்ஸ்’ என்ற செயற்கூறில் அவற்றைச் சேர்த்தல் மற்றொன்று. அடிப்படையில் இச்செயற்கூறு வெறுமையாகவே உள்ளது. யான் முன்னர் வாயில் என்று கூறியது இதனையே.

இவ்வமைப்பின் பயனை இரண்டு நிகழ்ச்சிகளால் காட்டுவேன். 2019ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் வெளிவந்த ஜாங்கோ 3.0 பதிப்பில், கட்டளை தொடங்குமுன் நிகழும் அமைப்புச் சோதனைகளைத் தவிர்க்க ‘ஸ்கிப் செக்ஸ்’ என்ற புதுத் தெரிவு சேர்க்கப்பட்டது. அது சேர்க்கப்பட்ட இடம் அடிப்படை இனக்குழு. அதனைப் பெற்றவையோ, அச்சோதனைகளை வேண்டும் கட்டளைகள் அனைத்தும். உலகெங்கும் பலர் தத்தம் நிறுவனங்களில் எழுதி வைத்திருந்த கட்டளைகளும், ஓரெழுத்தும் மாற்றப்படாமலே, அத்தெரிவைப் பெற்றன. மரபுரிமம் என்ற சொல்லுக்கு இதனினும் நேரான பொருள் யாது?

மற்றொரு நிகழ்ச்சி இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. பைத்தான் மொழியில் தெரிவுகளைப் பகுத்தறிய ‘ஆப்ட்பார்ஸ்’ என்ற கூறு 2003ஆம் ஆண்டில் வெளிவந்த 2.3 பதிப்பு முதல் இருந்தது. 2010ஆம் ஆண்டில் வெளிவந்த 2.7 பதிப்பில் ‘ஆர்க்பார்ஸ்’ என்னும் ஆற்றல் மிக்க கூறு சேர்ந்தது. ஜாங்கோ பழையதை விட்டுப் புதியதைக் கொள்ள விரும்பிற்று. தெரிவுகளைக் கையாளும் பணி ஒவ்வொரு கட்டளையிலும் சிதறிக் கிடந்திருந்தால், இம்மாற்றம் எளிதில் கைகூடியிராது. அடிப்படை இனக்குழு ஒன்றிலேயே பகுப்பான் உருவாக்கப்பட்டமையின், 2015 ஏப்ரலில் வெளிவந்த 1.8 பதிப்பில் மாற்றம் நிகழ்ந்தது. தமக்கெனத் தெரிவு ஒன்றும் இல்லாத கட்டளைகள் மாற்றம் நிகழ்ந்ததையே அறியவில்லை.

இதுகாறும் கூறியது ஒரு பக்கம். மறுபக்கத்தையும் மறையாது கூறுதல் முறை. அதே மாற்றத்தால் அல்லலுற்றோரும் உளர். 1.8 பதிப்புக்கு முன், தனித்தெரிவு வேண்டுவோர் ‘ஆப்ஷன் லிஸ்ட்’ என்ற அட்டவணையைத் தம் இனக்குழுவில் எழுதி, அதில் ஆப்ட்பார்ஸ் கூறின் பொருள்களையே நேராய் வைத்தனர். அதாவது, அடிப்படையின் உள்ளே எந்தப் பகுப்பான் உள்ளது என்பது வெளியே தெரிந்துவிட்டது; வழிவந்தவை அதனைப் பற்றிக்கொண்டன. ஆகவே பகுப்பான் மாறியபோது அவையும் மாறவேண்டியதாயிற்று. அடிப்படை அவர்கட்கு அவகாசம் அளித்தது. அட்டவணை எழுதப்பட்ட கட்டளையைக் கண்டால் பழைய பகுப்பானைக் கொண்டே அதனை இயக்கிற்று. 2016 ஆகஸ்டில் வெளிவந்த 1.10 பதிப்பில் அவ்வவகாசமும் முடிந்தது. திருத்தப்படாத கட்டளைகள் பயனற்றுப் போயின.

இன்னும் ஓர் இடர் உண்டு. ‘வெர்பாசிட்டி’ என்ற தெரிவுக்கு ‘வி’ என்ற ஓரெழுத்துக் குறுக்கமும் அடிப்படையில் உள்ளது. புதுக் கட்டளை எழுதுவோர் வேறு பொருளில் ‘வி’ என்பதைத் தமக்குரிய தெரிவாக அறிவித்தால், பகுப்பான் அதனை முரண் என்று கூறி நின்றுவிடும். இது நன்றே, பேசாது விழுங்குவதினும் பேசி நிற்பது நல்லது. ஆயினும் இதன் உட்பொருளை எண்ணுக. அடிப்படை இனக்குழு ஒரு பெயரைத் தனக்கென்று கொள்ளுந்தோறும், வழிவருவோர் அனைவரிடமிருந்தும் அப்பெயரைப் பறித்துக்கொள்கின்றது. 3.0 பதிப்புக்கு முன்னரே ‘ஸ்கிப் செக்ஸ்’ என்ற பெயரில் தனித்தெரிவு வைத்திருந்த கட்டளை ஒன்று இருந்திருப்பின், புதுப் பதிப்பில் அது முரண்பட்டு நின்றிருக்கும். தந்தை தேடிய பொருள் மக்கட்குச் சேர்வது போலவே, தந்தை பட்ட கடனும் சேரும் என்க.

இவ்விடர்களைக் காட்டி, மரபுரிமமே வேண்டா, தெரிவுகளைக் கையாளும் தனிப்பொருள் ஒன்றை ஆக்கி, வேண்டும் கூறுகள் அதனைப் பணிகொள்ளட்டும் என்று கூறுவோர் உளர். 1994ஆம் ஆண்டில் காமா, ஹெல்ம், ஜான்சன், விலிசைட்ஸ் என்னும் நால்வர் எழுதி வெளியிட்ட டிசைன் பேட்டர்ன்ஸ் என்ற நூலும், மரபுரிமத்தினும் பொருள்களைச் சேர்த்தமைத்தலே விரும்பத்தக்கது என்ற கொள்கையுடையது. இக்கருத்தை யான் மதிக்கின்றேன். ஆயினும் இவ்விரண்டும் ஒன்றையொன்று விலக்குவன என்று கொள்ளுதல் பொருந்தாது. ஜாங்கோவின் அடிப்படை இனக்குழுவே இதற்குச் சான்று. அது தான் பகுப்பானாய்ப் பிறக்கவில்லை; பகுப்பான் ஒன்றை உருவாக்கித் தன் பணியாளாய் வைத்துக்கொள்கின்றது. ஆகவேதான் ஒரு பணியாளை விடுத்து வேறொருவரை அமர்த்த அதனால் இயன்றது. பகுத்தறியும் தொழிலைத் தனிப்பொருளிடம் ஒப்படைக்க. எல்லாக் கட்டளைக்கும் இன்ன தெரிவுகள் உரியன என்ற உறுதியை மட்டும் அடிப்படை இனக்குழு ஏற்க. இதுவே யான் கூறும் வழி.

தனிப்பொருள் மட்டும் போதாதோ எனின், போதாது. தனிப்பொருளைப் பணிகொள்ளலாம், கொள்ளாது விடலாம். அஃது எழுதுவோர் விருப்பம். எங்கள் சொல்லடைவில் சந்தித் தெரிவை ஒருவர் ஒருவாறும் மற்றொருவர் வேறொருவாறும் கொண்டது, நல்ல கருவி இல்லாமையால் அன்று; ஒத்த விடையைக் கொள்ளவேண்டும் என்ற கடப்பாடு இல்லாமையால் ஆகும். அக்கடப்பாட்டை வாய்ச்சொல்லால் நிறுத்துதல் அரிது. அடிப்படை இனக்குழுவால் நிறுத்துதல் எளிது.

வழிவந்தவற்றின் கடமையையும் இங்கே கூறவேண்டும். முதனூல், வழிநூல், சார்புநூல் என்ற பகுப்பை நாம் அறிவோம். முதனூலின் முடிபுகளோடு ஒத்து நின்று, தனக்கு வேண்டிய வேறுபாடுகளையும் கூறுவது வழிநூல். வேறுபாடு கூறுதல் அதன் உரிமை. முதனூலைச் சிதைத்தல் அதன் உரிமையன்று. நிரலாக்கத்திலும் இதனையொத்த நெறி உண்டு. அடிப்படைப் பொருள் நிற்கவேண்டிய இடத்தில் வழிவந்த பொருளை நிறுத்தினும் நிரல் வழுவாது இயங்க வேண்டும் என்ற கருத்தை, பார்பரா லிஸ்கவ் என்னும் அறிஞர் 1987ஆம் ஆண்டு தம் சொற்பொழிவொன்றில் வற்புறுத்தினர். ஜாங்கோவில் சோதனை வழங்கியை இயக்கும் ‘ரன்செர்வர்’ என்ற கட்டளை உளது. நிலையான கோப்புகளை வழங்கும் துணைக்கூறு, அக்கட்டளையின் வழியே தன் ‘ரன்செர்வர்’ கட்டளையை ஆக்கி, ‘நோஸ்டாட்டிக்’, ‘இன்செக்யூர்’ என்ற இரு தெரிவுகளைச் சேர்க்கின்றது. சேர்க்குமுன், தன் முன்னோனின் செயற்கூறை முதற்கண் அழைத்து அதன் தெரிவுகளை அறிவிக்கச் செய்கின்றது. அவ்வோர் அழைப்பை மறந்திருப்பின், ‘நோரீலோட்’ முதலிய முன்னோன் தெரிவுகள் மறைந்து போயிருக்கும். வழிநூலாசிரியன் முதனூலை ஓதிய பின்னரே தன் வேறுபாட்டைக் கூறவேண்டும் என்பதற்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு வேண்டுமோ?

அடிப்படையில் எத்தெரிவை வைப்பது, எதனை விடுப்பது என்பதற்கு யான் ஓர் எளிய அளவுகோல் கூறுவேன். இத்தெரிவு இல்லாத கட்டளை ஒன்று இக்குடும்பத்தில் இருத்தல் கூடுமா என்று வினவுக. கூடாது எனின் அடிப்படையில் வைக்க. கூடும் எனின், எத்துணைக் கட்டளைகள் அதனை விரும்பினும் அடிப்படையில் வையற்க. எங்கள் சொல்லடைவில் உள்ளீட்டுக் கோப்பு, அதன் எழுத்துக் குறியேற்றம், சந்தித் தெரிவு, விளைவு எழுதும் இடம் ஆகிய நான்கும் நான்கு நிரல்கட்கும் இன்றியமையாதன. ஆகவே அடிப்படைக்கு உரியன. பழைய கோப்புகள் சில டிஸ்கி முறையிலும் சில யூனிகோடு முறையிலும் இருப்பதால், குறியேற்றத்தை ஒவ்வொரு நிரலும் தானே ஊகித்தல் பேரிடர். ஏறுவரிசையா, இறங்குவரிசையா என்பது வரிசைப்படுத்தும் நிரலுக்கே உரியது. அதனை அடிப்படையில் ஏற்றினால் ஏனைய மூன்றும் பொருளற்ற தெரிவொன்றைச் சுமக்கும். இவ்வளவுகோலைக் கைவிட்டோர் நாளடைவில் பெருத்த அடிப்படையைப் படைத்து, அதில் கைவைக்கவே அஞ்சி நிற்பர்.

ஒரேயொரு நிரல் எழுதுவோர்க்கு இவையெல்லாம் எற்றுக்கு எனின், வேண்டா. ஒரு வீட்டுக்கு ஊர்ச்சாவடி வேண்டுவதில்லை. மூன்றாவது நிரல் பிறந்து, முதலிரண்டும் கேட்ட வினாக்களையே தானும் கேட்கத் தொடங்கும்போது அடிப்படை இனக்குழுவை ஆக்குக. முன்னரே ஆக்கினால், பொதுவானது எது என்று அறியாமலே பொதுமை கூறியவராவோம். இலக்கியங் கண்டதற்கு இலக்கணம் இயம்புதல் என்பது நம் மரபன்றோ?

தமிழ் பயில்வார்க்கு இவ்வாராய்ச்சி எதற்கு என்று எம் நண்பருள் சிலர் வினவுகின்றனர். அவர்கட்குக் கூறும் விடை இது. சொல்லடைவும் பாடவேறுபாட்டு ஆராய்ச்சியும் ஆண்டுதோறும் கணிப்பொறியின் துணையாலேயே மிகுதியும் நடைபெறுகின்றன. நாம் எழுதும் நிரல்களை அடுத்த ஆண்டு நம் இளையோர் கையேற்பர். அவர்கள் நம்மை அருகிருந்து வினவ இயலாது. நாம் தேர்வெழுதிப் பிரிந்திருப்போம். சந்தியைப் பிரித்து எண்ணினோமா, பிரியாது எண்ணினோமா என்பதை நம் நினைவு கூறாது; நிரல்தான் கூறவேண்டும். அதனை நான்கு இடங்களில் நான்கு விதமாய்க் கூறாது, ஓரிடத்தில் ஒருவிதமாய்க் கூறும்படி விட்டுச்செல்லுதல் நம் கடமை. கணிப்பொறித் துறை மாணாக்கரும் தமிழ்த்துறை மாணாக்கரும் ஒருங்கமர்ந்து, சொல்லடைவு நிரல்கட்குப் பொதுவான அடிப்படை ஒன்றை இவ்வாண்டிலேயே அமைப்பாராயின், பின்வருவோர் அதன்மேல் அச்சமின்றிக் கட்டுவர். நண்பர்காள், விடுமுறைக்கு முன்னரே அதனைத் தொடங்குவோமாக.